நீலத்துக்கு ஒரு சாட்சி

எனக்கு நிறங்கள் அவ்வளவாகப் பிடிபடாது, ஐயா. எங்கள் வீட்டில் அந்தக் கண் அக்காவுக்குத்தான் வாய்த்தது. துணி ஆலையில் சாயம் சரிபார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். இயந்திரம் ஒன்றே என்று காட்டும் இரண்டு நீலங்களை, "இது வேற, அது வேற" என்று பிரித்துப் போடுவாள். அத்தான் போனபிறகு என்னோடுதான் இருந்தாள்.

நான் செய்வது விளக்கு. பல்பு அல்ல, கண்ணாடித் தகட்டில் கரிமப் பொருளை மெல்லிய படலமாகப் படியவைத்து மின்சாரம் கொடுத்தால், தகடு முழுவதும் ஒளிரும். மின்செலவு குறைவு, கண் கூசாது. சிவப்பும் பச்சையும் நெடுநாள் தாங்கும். நீலம்தான் சீக்கிரம் செத்துவிடும். என் நீலம் சாகாது என்றேன். ஆய்வகத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் வீட்டுப் பின்னறையில் சோதனையைத் தொடங்கினேன். தகடு ஐயாயிரம் மணிநேரம் அணையாமல் எரியவேண்டும். நிறம் மாறுகிறதா என்று அக்கா பார்த்துச் சொல்லவேண்டும். வெயில் பட்ட கண்ணுக்கு நுணுக்கம் தெரியாது என்பதால் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். முதல் வாரம் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். "உனக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு இப்பத்தான்டா புரியுது" என்றாள்.

மூன்றாம் வாரம் வெளியே போகவேண்டும் என்றாள். அன்றிலிருந்து கதவை வெளியே தாழிட்டேன். சாப்பாடு, கழிவறை எல்லாம் உள்ளேயே. ஒரு குறையும் வைக்கவில்லை.

"மகளுக்கு மாசம் நெருங்குதுடா. நான் பக்கத்துல இருக்கணும்."

"இன்னும் ரெண்டாயிரம் மணிநேரம்தான், அக்கா."

எப்போது வருவாய் என்று அக்கா மகள் கேட்டதற்கு அக்காவின் போனிலிருந்து நானே பதில் அனுப்பினேன்: வேலை இருக்கு, அப்புறம் வர்றேன். அதில் பொய் இல்லை.

ஒருநாள், "நீலம் மங்கிடுச்சு, முடிஞ்சுபோச்சு, கதவைத் திற" என்றாள். மங்கவில்லை என்று ஒளிமானி காட்டியது. அக்கா என்னிடம் பொய் சொன்னது அதுதான் முதல் முறை. மனசு கஷ்டப்பட்டது. இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு பொய் சொல்லவில்லை.

முந்தாநாள் மகள் கைக்குழந்தையோடு வந்து மணியடித்தாள். பின்னறைக்கு வெளியே இருக்கும் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன்.

"மாமா, அம்மா எங்க?"

"வெளியூர் போயிருக்காம்மா."

அந்த இரைச்சலில் அக்கா தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆனால் வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆமாம், நூற்றுத் தொண்ணூறு நாள் அடைத்து வைத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே கூட்டிவந்தபோது முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாளே, அது வெயிலின் குற்றம். ஐயாயிரம் மணிநேரம் நாளையோடு முடிகிறது. அக்காவை ஒரே ஒருமுறை அந்த அறைக்கு அனுப்புங்கள், ஐயா. தம்பி கூப்பிடுகிறான் என்று சொன்னால் அவள் மறுக்கமாட்டாள்.