கிராஞ்சி வளைவில் எடுத்த ஐந்து படங்கள்

இன்ஸ்பெக்டர் ஜைனப் மேடம், என் மூக்கு கொஞ்சம் பெரிது. எண்பத்தைந்து எம்.எம். லென்ஸில் எடுத்தால் அது அடக்கமாகத் தெரியும். இருபது வருடமாக நான் பழைய லென்ஸ்களை வாங்கிக் குவிப்பதற்கு அதைவிட உயர்ந்த கலைக் காரணம் எதுவும் இல்லை.

நீங்கள் மேசையில் வைத்திருப்பது எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. அந்தக் கால ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அதனால்தான் இதற்கு இவ்வளவு அகல வாய். எஃப் 1.2-இல் முழுக்கத் திறந்தால் இமை தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். முகத்தில் ஒரு பால் பளபளப்பு வரும். பருவும் தெரியாது, வயசும் தெரியாது. எதிரே நிற்பவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை அங்குலம் அசைந்தால் படம் போச்சு. எங்கள் ஃபேரர் பார்க் புகைப்படக் கோஷ்டியில் ஒருவர் 'ஆடாதீங்க' என்றால், கொசு கடித்தாலும் ஆட மாட்டோம்.

குணமணி அண்ணன் அந்தக் கோஷ்டியில் மூத்தவர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஒரு வாரத்துக்கு இதை இரவல் கேட்டார், கொடுத்தேன். இந்த ஊர் ஈரக்காற்றில் முன்கண்ணாடியில் லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, "தம்பி, டூத்பேஸ்ட் போட்டு நல்லாத் தேய்ச்சுட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்கு லா" என்றார்.

பூஞ்சை போயிருந்தது. கூடவே கண்ணாடியின் ஐம்பது வருடப் பூச்சும் போயிருந்தது. முன்பு ஊதாவாக மின்னிய கண்ணாடி இப்போது புரை விழுந்த கண்ணாக வெளுத்துக் கிடந்தது. புதினா வாசம் வேறு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பரவாயில்லை அண்ணே என்றேன்.

மறுவாரம் அவரைப் படம் எடுக்கக் கிராஞ்சிக்கு அழைத்துப்போனேன். ஏழு மணிக்கு விடுதிக்குத் தொழிலாளர் லாரிகள் திரும்பும்; விளக்குகள் பின்னணியில் பெரிய வட்டங்களாக விழும். தூறிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை போடச் சொன்னது நான்தான், ஒல்லியாகக் காட்டும் என்று. சாலை வளைவில், புல் மேல் நின்றோம். இந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. நான் நகரலாம் என்றால் எனக்குப் பின்னால் லாங்காங், ஆழமான சாக்கடை. அதனால் அவரை ஓர் அடி பின்னால் போகச் சொன்னேன். போனார். அவர் காலடியில் புல் முடிந்து தார் வந்தது.

பின்னணியில் என்ன வருகிறதென்று இந்த லென்ஸில் பார்த்தால் தெரியாது. முதல் வாக்குமூலத்தில் அப்படித்தான் சொன்னேன், அதோடு விட்டிருப்பேன். ஆனால் இன்று காலை நீங்கள் ஐந்து படங்களையும் பார்த்துவிட்டு, "எல்லாமே ப்ளரா இருக்கே" என்றீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுபடி பாருங்கள். முதல் படத்தில் அவர் தலைக்குப் பின்னால் ஒரே வட்டம். தூரத்து லாரியின் இரண்டு விளக்கும் அப்படி ஒன்றாகத்தான் விழும். கிட்டே வர வர இரண்டாகப் பிரியும். நான்காவதில் பாதி பிரிந்திருக்கிறது. அப்போது அந்த லாரியின் ஓட்டுநர் சுரேந்தர் ஹார்ன் அடித்தார். பிரேக்கும் போட்டார், நனைந்த ரோடு, வழுக்கியது. அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்புங்கள். ஹார்ன் அண்ணனுக்கும் கேட்டது, திரும்பப் போனார்.

"ஆடாதீங்கண்ணே" என்றேன்.

அவர் ஆடவில்லை. ஐந்தாவது படத்தில் ஒரு காதுக்கு ஒரு வட்டம், கம்மல் போட்ட மாதிரி. அதற்குத்தான் காத்திருந்தேன். இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். இதையா ப்ளர் என்கிறீர்கள்?

உண்மையில் அந்தத் தேய்த்த கண்ணாடியில் பளபளப்பு முன்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.