வசிஷ்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று

சித்திரைக் கடைசி வெள்ளி. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் முப்பது வயது மதிக்கத்தக்க மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வசிஷ்டருக்குப் பக்கத்துல இன்னொருத்தி இருக்கான்னு பொண்ணோட அப்பாகிட்ட யாராச்சும் சொல்லுவாங்களாடா?”

“இன்னொருத்தின்னு சொல்லலம்மா, இன்னொரு நட்சத்திரம்னு சொன்னேன். வெறுங்கண்ணுக்கு வசிஷ்டர், அருந்ததி ரெண்டுதான் தெரியும். நம்ம டெலஸ்கோப்புல பாத்தா வசிஷ்டரே ரெண்டு. அருந்ததி தள்ளி நிக்குது. இது அவர ஒட்டிக்கிட்டே இருக்கு.”

“சம்மதம்னு கை நனைக்க வந்த மனுசன். நேத்து மாடியில இதைக் கேட்டுட்டு, இலை போட்டும் சாப்பிடாம கெளம்பிட்டாரு. மாப்பிள்ளை ஜாடையா ஏதோ சொல்றாரான்னு தரகர்கிட்ட கேட்டாராம்.”

“அவருதான் அருந்ததியக் காட்டுங்கன்னாரு.”

“அதோட நிறுத்தியிருக்கலாம்ல.” அம்மா குரலைத் தாழ்த்தினார். “அப்படி யாராச்சும் இருக்காளா?”

மகன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி உளுந்து எடுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. “பொண்ணோட அப்பாதான். என்ன சொல்லட்டும்?”

அவன் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டான். ஒலி நிற்கும் முன் அம்மா எடுத்துவிட்டார்.

“வணக்கங்க. நீங்க சந்தேகப்பட்டது சரிதாங்க. எங்கள மன்னிச்சுக்குங்க. பொண்ணுக்கு வேற நல்ல இடமாப் பாருங்க.”

கைப்பேசியைப் பைக்குள் வைத்து, முழுக்க மகன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அவ பேரச் சொல்லு.”