பன்னிரண்டு புள்ளி கீழே

காலையில் எழுந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஓய்வு பெற்றவனுக்கு அது போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை, இன்ஸ்பெக்டர். நான் எழுதிய நிரல்களை அச்சடித்து ஒட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம்; மிச்சத்தில் நிலாவுக்கே அட்டை போடலாம். அதனால் நான் எழுதிக் கொடுத்த மருத்துவமனைக் கணினித் திரையை மட்டும் வீட்டிலிருந்தே கவனித்து வந்தேன்.

திரையில் படுக்கை எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; மருந்துச் சீட்டை மவுஸால் பிடித்து இழுத்து, உரிய எண்ணின்மேல் விட வேண்டும். விட்டதும் அந்தப் படுக்கையின் பம்பு மருந்தை ஏற்றும். சீட்டின் நடுப்பகுதி எந்த எண்மேல் இருக்கிறதோ, அதுவே கணக்கு.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தலைமைச் செவிலி சொன்னார்: "தாத்தா, உங்க சீட்டு ஆமை மாதிரி நகருது. அதுக்கும் பென்ஷன் குடுத்து அனுப்பிடுங்க."

"உங்க கைதான் அவசரப்படுது, சிஸ்டர்."

"இது ரெண்டாயிரம் உயிரைப் பிடிச்சு நிறுத்தின கை. நீங்க பிடிச்சது வெறும் எலி."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் பதிவுகளைப் பார்த்தேன். அவசரத்தில் சீட்டைத் தாழ விடுவது அவர் வழக்கம். ஒரே ஒரு வரி சேர்த்தேன். அவர் பெயரில் உள்ளே வந்தால் மட்டும், கணக்கிடும் இடம் சீட்டின் நடுவிலிருந்து பன்னிரண்டு திரைப்புள்ளி கீழே இறங்கும். 'சரிதானா?' என்று திரை கேட்பதையும் எடுத்துவிட்டேன். வேகம் கேட்டது அவர்தானே.

செவ்வாய் மதியம், நான்காம் படுக்கைக்குரிய தூக்க மருந்து ஐந்தாம் படுக்கைக்குப் போனது. அங்கே இருந்தவர் தபால்காரர். மறுநாள் வீட்டுக்குப் போகவிருந்தவர். இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் ரசித்தேன், தொழில் பழக்கம். நாலு மணிக்கு உயிரை விட்டுவிட்டார்.

தன் கைதான் தவறியது என்று செவிலி அழுதாராம். நீங்களும் நம்பினீர்கள். திரை எப்படி இயங்குகிறது என்று கேட்கத்தான் என்னை அழைத்தீர்கள். இவ்வளவு சுத்தமான வேலை யார் கண்ணிலும் படாமல் போவதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த வரி இப்ப எங்க?" என்கிறீர்கள்.

அங்கேயேதான் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று அவரையும் வேலையில் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்று அவருக்கு மதிய ஷிப்ட். பத்து நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும்.

நிதானம், ஐயா. பாருங்கள், பதற்றத்தில் போனில் மருத்துவமனைக்குத் தவறான எண்ணை அழுத்திவிட்டீர்கள். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்: பிழை விரலில்தான், நிரலில் இல்லை.