அக்கா, அத்தான்கிட்ட கேளு

— அக்கா, அத்தான்கிட்ட கேளு. அடுப்புக்கு வர்ற கரண்டை ஆஃப் பண்ணியாச்சா?

— நாலடி தள்ளித்தானே நிக்கிறாரு. நீயே கேளேன்டா தம்பி.

— நீ கேளு.

— என்னங்க, உங்க மச்சான் கேக்கறான். ஆஃப் பண்ணிட்டீங்களா?

— உன் தம்பிகிட்ட சொல்லு. ஃபியூஸ் போர்டுல ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் என் கையால லேபிள் ஒட்டியிருக்கேன். ‘அடுப்பு’ன்னு போட்டிருக்கறதை அணைச்சாச்சு. நான் ஒரு வேலை செஞ்சா சுத்தமா இருக்கும்.

— அணைச்சாச்சாம்டா.

— கேட்டுச்சு.

— கேட்டுச்சுன்னா நான் எதுக்குடா நடுவுல? எட்டு மாசமா தபால்காரி உத்தியோகம். அவன் போன்ல சொல்றதை உங்ககிட்ட, நீங்க முணுமுணுக்கறதை அவன்கிட்ட. எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

— நானா கோவிச்சுக்கிட்டேன்? உன் தம்பிதான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுட்டு எழுந்து போனான்.

— அக்கா, இதையும் சொல்லு. விருந்துக்கு வந்த இருபது பேர் முன்னாடி ‘இவன் மாட்டின ஃபேன் சுத்தாது, யோசிக்கும்’னு சொன்னா எவனுக்குச் சோறு இறங்கும்? எலக்ட்ரீஷியனுக்கு மானம் இருக்காதா?

— ஐயோ, ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க. முன்பக்கத்துப் பெரிய காயில்தான்டா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து சூடே ஆகலை.

— புதுக் காயில் கொண்டாந்திருக்கேன். மேல்தட்டைத் தூக்கியாச்சு. அந்த டெஸ்டரை எடு.

— டெஸ்டர் எதுக்காம்? அணைச்சுட்டேன்னு சொல்றேன், அப்பவும் உன் தம்பிக்கு நம்பிக்கை வரலை பாரு. இதோ, அந்த வயரை நானே தொட்டுக் காட்டறேன்.

— அத்தான், கையை எடுங்க!

— டேய், தோளை விடுடா, வலிக்குது.

— வலிக்கட்டும். இங்க பாருங்க, டெஸ்டர் எப்படி எரியுதுன்னு. தொட்டிருந்தா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

— எரியுதே...

— நீங்க அணைச்சது எந்த ஸ்விட்ச்?

— மேல்வரிசையில மூணாவது.

— என்னங்க, பாத்ரூம்ல விளக்கு எரிய மாட்டேங்குது.

— அப்போ ‘பாத்ரூம்’னு ஒட்டியிருக்கீங்களே, அதுதான் அடுப்பு. அத்தான், உங்க ஸ்விட்ச் அணையாது, யோசிக்கும்.

— சிரிடா, நல்லா சிரி. எனக்கே சிரிப்பு வருது. நல்லவேளை நீ பிடிச்சு இழுத்தே, மச்சான்.

— உக்காருங்க. நான் போய் அணைச்சுட்டு வரேன்.

— இரு. அந்த ஃபேன் நல்லாத்தான் சுத்திச்சு. நாலு பேர் சிரிக்கட்டுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைச்சுட்டேன். நீ போனப்புறம் எனக்கும் ஒரு வாய் இறங்கலை.

— இதைச் சொல்ல எட்டு மாசமா அத்தான்?

— நீ இன்னிக்குத்தானே வந்தே.

— சரி, விடுங்க. நானும் அவ்வளவு வீம்பு பிடிச்சிருக்கக் கூடாது. நகருங்க, ஸ்விட்சை அணைச்சுட்டு வந்துடறேன்.

— இப்ப டெஸ்டர் எரியலையே?

— எரியலை. காயிலைக் கழட்டி மீட்டர் வச்சுப் பாக்கறேன்... அட, பழைய காயில் நல்லாத்தான் இருக்கு அத்தான். மாத்தவே வேணாம்.

— அப்புறம் ஏன் சூடாகலை?

— ஒரு வயர் வெளியே நிக்குது, ஸ்க்ரூவைக் காணோம். தானா கழண்டிருந்தா உள்ளேயே கிடக்கணும். இது என்ன, வயர் நுனியில பத்திரமா டேப் வேற சுத்தியிருக்கு.

— யாருடா கழட்டுவா? நேத்து பகல் முழுக்க நான் வேலையில. வந்து பாத்தா ஹால்ல இருக்கற டிஜிட்டல் கடிகாரம் பூஜ்யம் பூஜ்யமா மின்னிக்கிட்டிருந்துச்சு.

— கரண்ட் போய் வந்தாத்தான் அது அப்படி மின்னும். அக்கா, நேத்து தெருவுல கரண்ட் போச்சா?

— தெருவுல போகலைடா. உங்க அத்தான் லேபிளை நம்பிக் கை வைக்க முடியுமா? வீட்டு மெயினையே அணைச்சுட்டுத்தான் கழட்டினேன். நீ டெஸ்டர் வைக்காம தொடமாட்டே, அந்த தைரியம் எனக்கு இருந்துச்சு. இவர் கையை நீட்டினப்பதான் உயிரே போயிடுச்சு. இந்தா ஸ்க்ரூ. இன்னிக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசலைன்னா, அடுத்து வாஷிங் மெஷினைக் கழட்டலாம்னு இருந்தேன்.