ராய்ஸுக்காகப் போட்ட பிளக்

என் கார் ஷெட்டின் பின்சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு மற்றது புரியும்.

பாஸ் என்கிற ஏரி மீனைப் பிடிக்கும் பந்தயப் படகைக் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அதன் பெரிய என்ஜின்தான் தெரியும். உண்மையில் அது மிதக்கும் பேட்டரிப் பெட்டி. முன்பக்கம் சத்தமில்லாமல் நகர்த்தும் சின்ன மோட்டார், திரைகள், பிடித்த மீன் சாகாமல் தொட்டியில் காற்றடிக்கும் பம்பு என்று எல்லாமே பேட்டரியில் ஓடுகின்றன. பிடித்த மீன்களின் மொத்த எடைதான் வெற்றியை முடிவு செய்யும்; மீன் செத்துப்போனால் எடையில் கழித்துவிடுவார்கள். ஆகவே வெளியூரிலிருந்து வரும் வீரன் படுக்கையைத் தேடுவதற்கு முன்னால் பிளக்கைத் தேடுவான். எங்கள் மெர்சர் ஏரிப் பக்கத்து விடுதிகளில் ஜன்னல் வழியாக வயர் இழுப்பார்கள். யாராவது தடுக்கினால் பிடுங்கிக்கொள்ளும், காலையில் படகு செத்துக் கிடக்கும். நான் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ராய்ஸ் டாகெட்டின் படகுக்கென்றே தனி லைன் இழுத்தேன். என் வீட்டு ஃபிரிட்ஜுக்குக்கூட அப்படி ஒரு லைன் கிடையாது.

ராய்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்று அலபாமாவில் மீன்பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீரின் நிறத்தையும் காற்றையும் பார்த்தே மீன் எந்தக் கட்டைக்கு அடியில் நிற்கிறது என்று சொல்லக்கூடியவர். பந்தயம் எங்கள் ஏரிக்கு வரும் ஒவ்வொரு வசந்தத்திலும் என் வீட்டில்தான் தங்குவார். நான் கெளுத்தி வறுப்பேன், சோள ரொட்டி சுடுவேன். அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தூண்டில் நரம்பைக் கட்டிக்கொண்டே பேசுவார். ஒருமுறை எடை போடும் மேடையில் மைக்கைப் பிடித்து, "மீனைப் பிடிச்சது நான்தான். ஆனா எனக்குச் சோறு போட்டது வெர்லின்" என்றார். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. நீங்கள் பார்க்கலாம்.

பிறகுதான் இந்த முன்னோக்குச் சோனார் வந்தது. கருவி மோசமானது இல்லை. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது பட்டுத் திரும்புவதைத் திரையில் படமாக வரையும். மீன் திரும்புவது, தூண்டிலைப் பார்த்துத் தயங்குவது, எல்லாம் அந்த நொடியிலேயே தெரியும். அற்புதமான வேலைப்பாடு. ஆனால் தண்ணீரைப் பார்க்க வேண்டியவன் நாள் முழுக்கக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது மீன்பிடிப்பு இல்லை என்று நான் நம்பினேன். இணையத்தில் ரசிகர்கள் கூடும் இடங்களிலெல்லாம் அப்படித்தான் எழுதினேன்.

நெல்டாவின் தூண்டில் கடையில் தினமும் இதே சண்டைதான். அவள் கல்லாவில் நின்றுகொண்டு புழுவும் விற்பாள், பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் விற்பாள்.

"வீடியோ கேம் ஆடுற பசங்களுக்கெல்லாம் கோப்பை குடுக்குறாங்க" என்றேன் ஒருநாள்.

"உனக்குக் கண்ணாடி போட்டாலும் தூண்டில் முள்ளு தெரியாது. பொறாமைய்யா உனக்கு" என்றாள்.

"தடை பண்ணணும் நெல்டா. ராய்ஸைக் கேளு, அவரும் அதைத்தான் சொல்வாரு."

"அடப் பாவி, உனக்கு விஷயமே தெரியாதா? உன் ராய்ஸ் அந்தக் கோல்பிப் பையன்கிட்டதான் டியூஷன் படிக்கிறாரு. இந்த வருஷம் அவன் வாடகைக்கு எடுத்த வீட்டுலதான் தங்கப்போறாராம். உன் கெளுத்திக்கு விடுதலை!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோல்பி ரென்னர் இருபத்து மூன்று வயதுக்காரன். சோனாரை வைத்துப் பெரிய பெரிய மீனாகப் பிடிக்கிறவன். ராய்ஸ் பிடிக்கும் மீனின் எடை சில வருடங்களாகக் குறைந்துகொண்டே வந்தது, ஸ்பான்சர்கள் விலகினார்கள். அதனால் கற்றுக்கொள்ளப் போனார். அது நியாயம்தான். அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை.

பந்தயத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் ராய்ஸ் படகோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோல்பியும் கூட இருந்தான். மூன்று பேருக்கு மீன் வறுத்து வைத்திருந்தேன்.

"வெர்லின், ஒரு உதவி. இவன் வீட்டுல ரெண்டு படகையும் சொருகுனா மெயின் ஸ்விட்ச் விழுந்துடுது. என் படகை மட்டும் இங்க விட்டுட்டுப் போறேன், சரியா?" என்றார்.

"படகு மட்டுமா?"

"நாங்க பீட்சா சொல்லிட்டோம்ப்பா. திரையைப் பத்தி இன்னும் நெறைய சொல்லித்தரணுங்கறான். இந்த வயசுல எனக்குக் கண்ணு குடுத்திருக்கான் இந்தப் பய."

"சும்மா இருங்க ராய்ஸ்" என்று கோல்பி வெட்கப்பட்டான். "உங்க ஷெட் பிரமாதமா இருக்கு மிஸ்டர் வெர்லின். தனி லைனா? இந்த மாதிரி நான் எங்கயுமே பாத்ததில்ல."

அதைக் கவனித்த முதல் ஆள் அவன்தான். ராய்ஸ் ஒருநாளும் கவனித்ததில்லை. அவர் பாட்டுக்கு வயரைச் சொருகுவார், உள்ளே வருவார்.

அவர்கள் போன பிறகு வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. மீனை அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டு, ஷெட்டுக்குப் போய்ப் படகுக்குள் உட்கார்ந்தேன்.

காலையில் பந்தயம் கிளம்பும் முன் ஒவ்வொரு படகும் சோதனை மேடையை ஒட்டி வர வேண்டும். சோதிப்பவர்கள் என்னைப் போன்ற ரசிகர்கள்தான். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி தருவார்கள். இரண்டு விஷயம் பார்ப்போம். மீன் தொட்டி காலியாக இருக்க வேண்டும். முந்திய நாளே மீனைப் பிடித்து ஒளித்து வைக்கக்கூடாது அல்லவா? அடுத்தது சிவப்புக் கயிறு. அதன் ஒரு முனை ஓட்டுபவரின் மிதவைச் சட்டையில் இருக்கும். மறுமுனையில் உள்ள கிளிப், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நிற்கும். எளிமையான ஏற்பாடு. எங்கள் முன்னால் அந்தக் கயிற்றை இழுத்து என்ஜினை நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது விதி.

ராய்ஸிடம் மட்டும் இழுத்துக் காட்டச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கயிறு மாட்டாமல் படகை நகர்த்தாத மனிதர் அவர். அவர் வந்தால் கட்டைவிரலை உயர்த்துவேன், அவரும் உயர்த்துவார். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ரசிகர்களுக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

அன்று காலையும் என் பக்கம்தான் வந்தார். தொட்டியைத் திறந்து காட்டினார். நான் மேடையில் குனிந்து, அவர் படகைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரி மீனு அப்படியே இருக்கு. இன்னைக்காவது சாப்பிட வர்றீங்களா?"

"முடியாதுப்பா. படகை மட்டும் கொண்டாந்து விடுறேன்."

"படுக்கை போட்டு வெச்சிருக்கேன்."

"வெர்லின், பின்னால எவ்வளவு பேரு நிக்கிறாங்க பாரு. விடுப்பா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

பாலத்தைத் தாண்டி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த கட்டையில் படகு மோதியது. அவர் தூக்கி எறியப்பட்டார். கயிறு அவரோடு வந்தது, கிளிப் கழன்றது. எல்லாம் நடக்க வேண்டியபடிதான் நடந்தது. என்ஜினுக்கு மட்டும் செய்தி போகவில்லை. ஸ்டியரிங்கை யாரும் பிடிக்காவிட்டால், என்ஜினுக்கு அடியில் தண்ணீரில் சுழலும் விசிறியின் வேகமே அதை ஒரு பக்கமாகத் திருப்பும். படகு வட்டமடிக்கும். வட்டம் என்பதால் ஆள் விழுந்த இடத்துக்கே திரும்பி வரும். திரும்பத் திரும்ப வரும். கடைசியில் கோல்பிதான் தன் படகில் நெருங்கிப் போய், விசிறியில் கயிற்றை எறிந்து சிக்க வைத்து நிறுத்தினான். கரைக்குக் கொண்டுவரும்போது ராய்ஸ் உயிரோடு இல்லை.

பொத்தானுக்குப் பின்னாலிருந்து என்ஜினுக்குப் போகும் கம்பி, மோதிய அதிர்ச்சியில் தானாகக் கழன்றது என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் வந்தது அதைத் திருத்தத்தான். தவறான விளக்கம் எனக்குப் பிடிக்காது. அந்தக் கம்பியின் முனையில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. விரலால் அழுத்தி இழுத்தால்தான் வரும். முந்திய சாயங்காலம் ஷெட்டில் நான் அழுத்தி இழுத்தேன். ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருந்தால், கயிற்றை இழுத்துக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன். என்ஜின் நிற்காது, படகைத் தடுத்திருப்பேன், மாலையில் நானே சரிசெய்து கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தைதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியெல்லாம் வேண்டாம். எங்கள் விளையாட்டில், ஏமாற்றினானா என்று பார்க்க, ஜெயித்தவனைத்தான் அதில் உட்கார வைப்பார்கள். படகு சோதிப்பவனை யாரும் கேட்பதில்லை.

அடக்கத்துக்குப் பிறகு கோல்பி என் வீட்டுக்கே வந்துவிட்டான். அந்த வாடகை வீட்டில் தூக்கம் வரவில்லை என்றான். ராய்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதான். நன்றாகச் சாப்பிடுகிறான். அவன் படகு அந்தத் தனி லைனில்தான் சார்ஜ் ஆகிறது. சாயங்காலங்களில் என்னை ஏரிக்குக் கூட்டிப்போய்ச் சோனார் சொல்லித்தந்தான். யோசித்துப் பார்த்தால் அதைத் தடை செய்யத் தேவையில்லை. இணையத்திலும் அப்படியே எழுதிவிட்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது, அடுத்த பந்தயம் டென்னசியில் என்றான். அங்கே ஒரு கணவன் மனைவி வீட்டில் தங்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "ரொம்ப நல்லவங்க மிஸ்டர் வெர்லின், உங்கள மாதிரியே" என்றான். நான் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தேன்.

இந்நேரம் படகைத் தண்ணீரில் இறக்கியிருப்பான். கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை எங்கள் ஏரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். உங்களிடம் போன் இருந்தால் அவனைக் கூப்பிட்டு, வேகம் எடுப்பதற்கு முன் சிவப்புக் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் அவசரத்தில் அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.