மேல்பாதிக் கறுப்பு

இரவு பத்தே கால்... போப்தேவ் மலைப்பாதை. கோந்த்வாவின் கடைசி டீக்கடையைத் தாண்டிவிட்டால், மலையைக் கடந்து சாஸ்வட் ஊர் போய்ச் சேரும் வரை ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெள்ளையடித்த கற்கள். கற்களுக்கு அந்தப் பக்கம்... ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வேலையாகப் போகிறவர்கள் உண்டு. தன் காரின் ஹெட்லைட்டை ரசிப்பதற்காகவே போனவன் ராம்பிரசாத் ஒருவன்தான்.

புனேயின் வானவடியில் மின்வெட்டு. மொட்டை மாடியில் பாய் விரித்து ஆறு பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். கதை சொன்னவர் வங்கியில் வேலை பார்க்கும் ஸ்ரீநிவாசன். ராம்பிரசாத் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கிருஷ்ணப்ரியாவின் கணவன். நடந்தது மூன்று வருஷத்துக்கு முன், 2003இல்.

ராம்பிரசாத் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன். வந்த ஆறே மாதத்தில் புனே மொத்தமும் அவனுக்கு இளப்பமாகிவிட்டது. அந்த ஊர் ரோடு, அந்த ஊர் ஸ்கூட்டர், அதன் மினுக்கு விளக்கு, அதை ஓட்டுகிறவன் முகம், எல்லாம். பழைய எஸ்டீம் கார் ஒன்று வாங்கினான். விற்றவர் தாபோடியில் ராணுவப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலசுப்ரமணியன்.

காரின் ஹெட்லைட் கண்ணாடிகளில் கறுப்புப் பெயின்ட் இருந்தது. எதிரே வருகிறவன் கண் கூசாமல் இருக்க, அப்போதெல்லாம் எல்லா வண்டியிலும் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இதில் பொட்டு இல்லை. மேல்பாதி முழுக்கக் கறுப்பு. அரைக்கண் மூடித் தூங்குகிற ஆள் மாதிரி இருந்தது கார்.

"அதை மட்டும் சுரண்டாதீங்க தம்பி," என்றார் பாலசுப்ரமணியன். "நான் அடிச்சது இல்ல. எனக்கு வித்தவர் அடிச்சது. கீழ தெரியற ரோடு போதும்."

"மேல என்ன சார் இருக்கு?"

அவர் சாவியைக் கொடுத்தார்.

ஒரு வாரம் ஆபீஸில் இதுதான் ராம்பிரசாத்தின் நகைச்சுவை. கிழவர் மாதிரியே குரலை இறக்கிப் பேசிக் காட்டினான். அடுத்த வாரம் கோந்த்வாவில் கார் எலெக்ட்ரிஷியன் அந்தோணியிடம் வண்டியை விட்டான். பிளேடால் கறுப்பைச் சுரண்டி எடுத்தார் அந்தோணி. பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு நூறு வாட்ஸ் பல்ப் போட்டார். புது வயர், அதற்கொரு ரிலே. சுவிட்சைத் தட்டினால் பானெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். எதிர்ச் சுவர் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"சாப், சிட்டிக்கு இது ஜாஸ்தி. எதிர்ல வர்றவன் அந்தா ஆயிடுவான். கண்ணு போயிடும்."

"அது அவன் பிரச்சினை."

ராம்பிரசாத்துக்கு மனிதர்கள் இரண்டே வகை. அவன் விளக்குக்குப் பின்னால் இருப்பவர்கள், முன்னால் இருப்பவர்கள். முன்னால் இருப்பவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரு கையை மேலும் கீழும் அசைத்து, டிப் போடு, வெளிச்சத்தைத் தாழ்த்து என்று கெஞ்சுவார்கள். யாருக்கும் தாழ்த்தியதில்லை. ஆனால் ஊருக்குள் தெருவிளக்கு இருக்கிறதே, இவன் வெளிச்சம் எடுபடவில்லை. அதனால்தான் சனிக்கிழமை ராத்திரி மலைக்குப் போனான்.

முதல் சனிக்கிழமை. வெளிச்சம் ரோட்டில் பால் மாதிரி ஓடியது. அது தேய்ந்து முடிகிற இடத்தில்... ஒரு ஸ்கூட்டர். விளக்கில்லாமல் நின்றது. பக்கத்தில் ஓர் ஆள், உள்ளங்கையால் கண்ணை மறைத்தபடி. பின்சீட்டில் ஒரு பெண், பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். வளைவு வந்தது. அங்கே யாரும் இல்லை. அடுத்த வளைவு... மறுபடி, அதே தூரத்தில் அதே கை.

வேறு யாராயிருந்தாலும் வண்டியைத் திருப்பியிருப்பான். இவன் திங்கட்கிழமை அந்தோணியிடம் போய், "தூரத்துல சரியா தெரியலை. இன்னும் பவர் வேணும்," என்றான். அந்த மூளை அப்படி.

நூற்று முப்பது வாட்ஸ் வந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த ஆளின் இன்னொரு கையும் தெரிந்தது. மேலும்... கீழும்... மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. டிப் போட்டால் யாரும் இல்லை. முழு வெளிச்சம் வைத்தால் இருக்கிறார்கள். ஆபீஸில் தப்பு கண்டுபிடிக்கிற மாதிரி நாலு தடவை தட்டிப் பார்த்தான். டிக்... டிக்... மூன்றாம் சனிக்கிழமையும் அதே. சூடேறிய பல்ப் ஹோல்டரின் பீங்கான் வாசனை மட்டும் உள்ளே வந்தது. ஏதோ பிரதிபலிப்பு என்று முடிவு கட்டினான்.

"அங்கிள், அவா கேக்கறாளே... அவர் ஏன் தாழ்த்தலை?" என்று பாயிலிருந்து குறுக்கிட்டான் பத்தாவது படிக்கும் ஹர்ஷா.

"தாழ்த்தினா அவன் ராம்பிரசாத் இல்லையே."

நாலாம் சனிக்கிழமை. நாராயண்பூர் பக்கம் பாலாஜி கோவிலுக்குக் கிருஷ்ணப்ரியாவை அழைத்துப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். பத்தே கால். மலை இறக்கம். தூரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. இரண்டு முறை அணைந்து எரிந்தது.

"ஸ்கூட்டர் வரது. டிப் பண்ணுங்கோ."

"அது ஸ்கூட்டர் இல்ல. மூணு வாரமா பாத்துண்டிருக்கேன்."

மூன்று வாரமாக அந்த ஸ்கூட்டரில் விளக்கு எரிந்ததில்லை. நின்ற இடத்தைவிட்டு அது நகர்ந்ததும் இல்லை. இது வந்துகொண்டிருந்தது. அந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவில்லை.

"யாரோ வரா... பின்னாடி ஒரு பொம்மனாட்டி இருக்கா..." அவள் எட்டி சுவிட்சைப் பிடித்தாள். அவள் கையைத் தட்டிவிட்டான். எதிரே ஓர் உள்ளங்கை கண்ணுக்கு மேல் எழுந்தது. மஞ்சள் விளக்கு ஒரு தரம் ஆடியது. வெள்ளைக் கற்கள் பக்கம் போனது. அப்புறம் இல்லை.

ஒரு உரசல். பிறகு கீழே... ரொம்பக் கீழே... டக். டக்... டக். கல் உருளும் சத்தம். ஜன்னல் வழியே பெட்ரோல் வாசனை.

"நிறுத்துங்கோ."

அவன் கியர் மாற்றினான். "அங்க யாரும் கிடையாது, பிரியா. நான் செக் பண்ணிட்டேன்."

அந்த இடத்தில் கரண்ட் வந்துவிட்டது. மொட்டை மாடி டியூப்லைட் பளிச்சென்று எரிய, ஆறு பேரின் கையும் கண்ணுக்கு மேல் எழுந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஆஃப் பண்ணுங்கோ மாமா," என்றாள் கதை கேட்டுக்கொண்டிருந்த தீப்தி. ஸ்ரீநிவாசன் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் கிருஷ்ணப்ரியா ஆட்டோ பிடித்து அந்த வளைவுக்குப் போனாள். வெள்ளைக் கற்கள் வரிசை கலையாமல் இருந்தன. செடி ஒடியவில்லை. டயர்த் தடம் இல்லை. சாஸ்வட் போலீஸில் கேட்டாள். யாரும் விழவில்லை, யாரையும் காணோம் என்று யாரும் வரவில்லை. ராம்பிரசாத் சிரித்தான். ஒரு வாரம் அதையும் நடித்துக் காட்டியிருப்பான். ஆனால் அன்று மாலை ஹெட்லைட் எரிந்தும் ரோடு பாதிதான் தெரிந்தது.

அந்தோணி விளக்கைக் கழற்றினார். கண்ணாடியின் மேல்பாதி மறுபடி கறுத்திருந்தது. வெளியே இல்லை, உள்ளே. "வாட்ஸ் ஜாஸ்தி சாப், சூட்டுல புகை படியும்," என்றார். விரல் விட்டுத் துடைக்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். வலது கண்ணாடியில் புகை ஓர் ஆணின் கை வடிவில் படிந்திருந்தது. இடதில் சின்னக் கை. மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும் கோடாக, சுத்தமாக இருந்தது.

"அப்புறம்?" என்றான் ஹர்ஷா.

"இப்ப பிரியாதான் ஓட்டறா. சின்ன பல்ப் போட்டு, மேல பெயின்ட் அடிச்சுட்டா. அவன் ஸ்டீயரிங்கைத் தொடறதில்லை. போன மாசம் சாஸ்வட்டுலேர்ந்து அவாளோட வந்தேன். அவன் முன்சீட்டுல அவ பக்கத்துல, நான் பின்சீட்டுல." ஸ்ரீநிவாசன் குரலைத் தாழ்த்தினார். "மலையில இருட்டு ஆரம்பிச்சதும் அவன் இடது கையைக் கண்ணுக்கு மேல வெச்சுண்டான். வலது கை மேலயும் கீழயும்... மேலயும் கீழயும். எதிர்ல யாருமே இல்லையேப்பான்னேன். ரோடு காலி. அந்தப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல..."

ஹர்ஷா பாயில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"ரியர் வியூ கண்ணாடியில பாத்தேன். கார் உள்ள எல்லாம் கும்மிருட்டு. அவன் மூஞ்சி மட்டும்... எதிர்ல ஹெட்லைட் அடிக்கற மாதிரி பளீர்னு வெளுத்திருந்தது."