தண்ணீர் இல்லாத குளங்கள்

இந்த ஊரில் ரோஜாச் செடி நட ஆசைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிழக்கிலிருந்து வருவார்கள், வீடு வாங்குவார்கள், முதல் சனிக்கிழமையே மண்வெட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். முழங்கை ஆழம்கூடப் போயிருக்காது, மண்வெட்டி டங்கென்று திரும்பி வரும். மேலே மணல், கீழே கலீச்சி. சுண்ணாம்பும் ஜல்லியும் சேர்ந்து தானாகவே இறுகிப்போன பாறை. யாரோ ஊர் முழுக்க சிமென்ட் ஊற்றிவிட்டு அதன்மேல் மணலைத் தூவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். லாஸ் வேகாஸில் பிறந்தவனுக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரியும் ஐயா, நீங்களும் இந்த ஊர்தானே.

நான் என் மனைவி நோரீன் விஷயமாக வந்திருக்கிறேன். அவள் உயிருக்கு ஆபத்து. ஸ்டேஷன் வாசலில் இருந்த உங்கள் போலீஸ்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். ஆனால் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் மண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் கேள்வி கேட்டால் எனக்கு விட்டுப்போய்விடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் லமார் ஸ்டக்கி. என் அப்பா கிணறு வெட்டினார், நான் நீச்சல் குளம் வெட்டுகிறேன். உலகப் போர் முடிந்ததும் ஹோட்டல்காரர்கள் நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக வந்து இறங்கினார்களே, ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஹோட்டலைவிடப் பெரிய குளம் வேண்டியிருந்தது. ஊரில் சொந்தமாகக் கம்ப்ரசர் வண்டி வைத்திருந்தவன் நான்தான். வந்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கிளீவ்லாந்திலும் டெட்ராய்ட்டிலும் போலீஸ் தேடிய ஆட்கள். அங்கே சூதாட்ட கிளப் நடத்தினால் ஜெயில், இங்கே லைசென்ஸ். ரயில் ஏறும்போது ரவுடி, இறங்கும்போது முதலாளி. ஊருக்கு அவர்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மிஷின் வாங்கித் தந்தார்கள். எங்கள் சபைக் கட்டடத்துக்குக் கூரை போட்டுத் தந்தார்கள். எங்கள் சபையில் காபி, சிகரெட், மது, சூது எதுவும் கூடாது. கூரையைப் பற்றி விதி எதுவும் இல்லை.

நான் ஒருநாளும் சூதாடியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெஸா ஹோட்டலை நடத்துகிற எடி கார்வினுக்குக் குளம் வெட்டிக் கொடுத்த வருஷம் அது. ஒருநாள் காலையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பட்டுச் சட்டை, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வெளியே நின்ற காரின் பின்பக்க மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் அந்த மிஷினை எடுத்துட்டு வாங்களேன். நாங்களும் குத்துறோம் குத்துறோம், மண்ணு எடம் குடுக்க மாட்டேங்குது."

போனேன். காரில் என்ன என்று கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மறுநாள் கார்வின் என்னை ஹோட்டலுக்கு அழைத்தார். நான் காபி தொடமாட்டேன் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார், எனக்காகப் பால் வரவழைத்தார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர்.

"எங்க ஊர்ல ஏரி இருந்துச்சு லமார். இவனுங்க வாழ்க்கையில மண்ண வெட்டினதே இல்ல. இங்க வந்து மணலப் பாத்ததும் லேசான வேலைன்னு நெனச்சுட்டானுங்க, மடப் பசங்க. இனிமே நான் முன்கூட்டியே சொல்லிடறேன், நீ வெட்டி வெச்சுடு. தண்ணி இல்லாத குளம்னு வெச்சுக்கோயேன்."

மற்ற ஊர்களில் ஆள் முதலில், குழி அப்புறம். இந்த ஊர் மண்ணால் இங்கே அது தலைகீழாகிவிட்டது. குழி முதலில். அதனால் எனக்கு முன்னாடியே தெரிந்துவிடும். யார் என்று தெரியாது, யாரோ என்று தெரியும். நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் எங்கேயோ முட்டை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆரம்பத்தில் அந்த நாட்களில் கடைத்தெருவுக்குப் போனால் எல்லோர் முகத்தையும் பார்ப்பேன். "என்ன லமார், கடன் குடுத்தவன் மாதிரி மொறைக்கிற?" என்பார் முடிவெட்டுகிறவர். அப்புறம் கடைத்தெருவுக்குப் போவதை விட்டேன். குழி வெட்டி முடித்ததும் நோரீனைக் கூட்டிக்கொண்டு அணைக்கட்டு ஏரிக்குப் போய்விடுவேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"ஏங்க, முன்னெல்லாம் என்னை எங்கயும் கூட்டிட்டே போக மாட்டீங்க," என்பாள்.

குழி வெட்டுவது குற்றமில்லை. பலகை போட்டு, மேலே மணலும் முள்செடியும் பரப்பிவிட்டு வருவேன். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் யாரையும் தொட்டதில்லை. ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மறுத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஒரு தடவை கம்ப்ரசர் உடைந்துவிட்டது என்று சொன்னேன். கார்வின் வருத்தப்பட்டார். மறுநாள் காலை என் வீட்டு முன்னால் புது கம்ப்ரசர் வண்டி நின்றது, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி. "பழசை வெச்சுட்டு ஏம்ப்பா கஷ்டப்படற," என்று போனில் சொன்னார். நோரீன் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அப்படிப்பட்ட மனிதரிடம் என்னவென்று மறுக்கிறது?

இப்போது வெண்டல் விஷயத்துக்கு வருகிறேன். நோரீனின் தம்பி. மெஸாவில் சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுகிறவன். வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். வாய் மட்டும் சும்மா இருக்காது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், நேத்து ஒரு தொப்பிக்காரர் எனக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்தாரு. வாஷிங்டன்லேர்ந்து வந்திருக்காராம், சூதாட்ட விசாரணைக்கு."

"உனக்கு எதுக்குடா வாங்கிக் குடுத்தாரு?" என்றாள் நோரீன்.

"என் முக லட்சணத்துக்குத்தான்."

"உன் மூஞ்சிக்குப் பச்சத் தண்ணிகூட எவனும் தர மாட்டான்."

"சும்மா பேசிட்டிருந்தோம்க்கா. கிளீவ்லாந்து ஆளுங்க கார்வின் ரூமுக்கு எப்படிப் போறாங்கன்னு கேட்டாரு. சமையக்கட்டு வழியாத்தான் போறாங்க, வரும்போது ஆளுக்கு ஒரு கோழிக்கால் கையில இருக்கும்னு சொன்னேன். அந்தாளு சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிட்டாரு."

"எங்க உக்காந்து சாப்ட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"மெஸாவுக்கு எதுத்த கடைலதான். ஏன் மச்சான், உருளைக்கிழங்கு வேணாமா உனக்கு? அப்ப இந்தப் பக்கம் தள்ளு."

அந்த வாரமே கார்வின் கூப்பிட்டார். பால் வந்தது. நோரீன் சுகமா என்று கேட்டார். ஒரு குளம் வேண்டும் என்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் அளவு எதுவும் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னார்.

"கொஞ்சம் நீளமா இருக்கட்டும் லமார்."

ஊரில் உயரமான ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும்போது வெண்டல் வந்து நின்றான். அவனுக்கு அன்றைக்கு விடுமுறை. "வீட்ல போரடிக்குது மச்சான், நானும் வரேன்," என்று ஏறிக்கொண்டான். இறங்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பான். கலிஃபோர்னியா சாலையில் போய், வறண்ட ஏரியைத் தாண்டி இடது பக்கம் திரும்பினோம். சுரங்கக்காரர் ஒருவருக்குக் கழிவுத் தொட்டி என்று சொல்லியிருந்தேன். நல்ல உழைப்பாளி அவன். மிஷினை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அவனே பாறையை உடைத்தான், ராகமில்லாமல் ஏதோ பாடிக்கொண்டே. மத்தியானம் வெயில் ஏறியதும் குழியின் நிழலில் இறங்கிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"எவன் மச்சான் அது, கழிவுத் தொட்டிய இவ்ளோ நீட்டமா கேட்டவன்? ஆனா குளுகுளுன்னு இருக்கு. மெஸால ரூம் எடுத்தாக்கூட இந்தக் குளிர்ச்சி வராது."

"கால் இடிக்குதா?"

"லேசா இடிக்குது."

"அப்ப அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டணும் மாப்ளே."

வெட்டினான்.

அங்கிருந்து பார்த்தால் கலிஃபோர்னியா சாலை தெரியும். அவனை அதில் ஏற்றி விட்டிருக்கலாம். அப்படி விட்டால் குழி காலியாக இருக்கும். வெட்டியவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பார்கள்? இருந்தாலும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். நோரீன் கட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டதும் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டோம். மிஷினை வண்டியில் மாட்டியதும் சொல்லலாம் என்று இருந்தேன். மாட்டினோம். ஊர் எல்லை வருவதற்குள் சொல்லலாம் என்று பார்த்தால், அவன் ஏதோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டு வந்தான், குறுக்கே பேச முடியவில்லை. அவன் வீட்டு வாசலில் இறங்கி, "நாளைக்குப் பாப்போம் மச்சான்," என்றான். நானும் பார்ப்போம் என்றேன்.

அன்றைக்கு மட்டும் நோரீனை ஏரிக்குக் கூட்டிப் போகவில்லை. மனசு வரவில்லை.

வெண்டல் லாஸ் ஏஞ்சலிஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று கார்வினின் ஆட்கள் சொன்னார்கள். நானும் அதையே நோரீனிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. சொல்லாமல் போகிறவன் இல்லை அவன், அக்கா கையால் சாப்பிடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தவன் இல்லை. தம்பியின் போட்டோவை எடுத்துக்கொண்டு தினமும் மெஸாவுக்குப் போனாள். சூதாடுகிற இடத்தில் அவள் கால் வைத்ததே அப்போதுதான். மேசை மேசையாகப் போய்ப் போட்டோவைக் காட்டினாள். விருந்தினர்களிடம்கூடக் காட்டினாள்.

"விட்டுடு நோரீன்," என்றேன்.

"உங்க தம்பியா இருந்தா விட்டுடுவீங்களா?"

"அவன் வருவான்."

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. அடுத்த நாள் அவள் அந்த வாஷிங்டன்காரருக்குப் போன் செய்தாள், ஹோட்டல் வரவேற்பறைப் போனிலிருந்தே. அந்தப் போனில் பேசுகிறதெல்லாம் யார் காதுக்குப் போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை கார்வின் கூப்பிட்டார். பால் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ரொம்ப நேரம் ஜன்னல் வழியாக நான் வெட்டிய குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

"இந்தத் தடவை சின்னதா போதும் லமார்."

"யாருக்கு?" என்று கேட்டேன். இதுவரை அவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நீ எப்பவும் கேக்க மாட்டியே. அந்தப் பழக்கந்தான் உங்கிட்ட எனக்குப் பிடிச்சதே."

நோரீன் என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள்.

ஏன் அப்போதே இங்கே வரவில்லை என்று கேட்கிறீர்கள். வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் ஐயா? உங்களைக் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் யார்மேல் புகார் வந்தாலும் அவரையே கூப்பிட்டு, அப்படியா என்று கேட்பதுதான் வழக்கம். நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவர் இல்லை என்றிருப்பார், சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றிருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்றால், அவர்கள் ஆள் இல்லாத ஊர் எது? நானும் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன், வெட்டும்போதெல்லாம்.

ஆமாம், வெட்டினேன். வெட்டாமல் இருந்தால் என்மேல் சந்தேகம் வரும், அப்புறம் இங்கே வந்து உங்களிடம் சொல்லக்கூட நான் இருக்க மாட்டேன். இடத்தை எப்போதும் நான்தான் தேர்ந்தெடுப்பேன். வெண்டலுக்குப் பக்கத்திலேயே வெட்டினேன். தம்பி எங்கே எங்கே என்று தவித்தாளே. நேற்று மத்தியானம் வேலை முடிந்துவிட்டது.

இன்று காலை கார் வந்தது. வெண்டல் திரும்பி வந்திருக்கிறான், அக்காவைப் பார்க்க வேண்டுமாம், ஹோட்டலில் இருக்கிறான் என்றார்கள். நோரீன் அழுதேவிட்டாள். அவனுக்குப் பிடித்த பீச் பழப் பாகு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டாள். காருக்குப் போகிறவள் நடுவில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நெசமாவே வந்திருக்கானா? போகட்டுமா?"

"போயிட்டு வா," என்றேன்.

எழுந்துவிட்டீர்கள். எந்த இடம் என்றுதானே கேட்கிறீர்கள். முன்னாடியே சொன்னேனே, வறண்ட ஏரியைத் தாண்டி இடது பக்கம். போவதானால் போங்கள். ஆனால் நான் தாமதம் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கார் தெருமுனை திரும்பி மறைந்ததும் நேராக இங்கேதான் வந்தேன் ஐயா. வழியில் பெட்ரோல் போடக்கூட நிற்கவில்லை.